டிரைவர் சரியில்ல

காலை ஏழு பத்துக்கு ஞானசிகாமணியின் அழைப்பு:
"பிள்ளே, உனக்க சாஃப்ட்வேர் பின்னையும் செத்துப்போச்சு."
வாயில் பற்பசை நுரையோடு,
கொஞ்சம் கர்வத்தோடு சொன்னேன்:
"எனக்க சாஃப்ட்வேர்ல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி.
டிரைவர் சரியில்ல."

வடசேரியில் பஸ் ஏறி
தக்கலை, வேர்கிளம்பி, திருவட்டாறு கடந்து
குலசேகரத்தில் இறங்குவதற்குள்
தீர்ப்பு நிறைவேறியிருந்தது.

ஏசுவடியான்,
பதினோரு வருடமாக ரப்பர் கடையின் பிக்கப்பை ஓட்டுகிறவர்,
கவிழ்த்த பால் வாளிமேல் உட்கார்ந்திருந்தார்.
வண்டிச் சாவி முதலாளியின் மேசையில்.
"நீ சொன்னது சரியாக்கும் பிள்ளே.
இவன் ரெண்டு மாசமா சரியில்ல."

விளக்கினேன்.
தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு கேபிள்,
கேபிளின் தலைக்குள் ஒரு சிப்,
அது பேசுவது இதற்குப் புரிய
இடையில் ஒரு சின்ன நிரல்.
அதற்குப் பெயர் டிரைவர்.
"வேற பேரே கெடைக்கலியா உங்களுக்கு?" என்றார்.

சாவி திரும்பியது. மன்னிப்பு ஏதும் கூட வரவில்லை.

ஏசுவடியான் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்,
தன் பேரைக் கெடுத்தவன் முகத்தைப் பார்க்க வந்தவர்போல.
திரை முழுக்க நீலம்.
"அவனுக்கு லைசன்ஸ் உண்டுமா?"
கையெழுத்து இருக்கிறது என்றேன்.
"யாருக்க கையெழுத்து?"
மறுபடி உயிர்ப்பித்துத் திறந்து பார்த்தேன்.
காலாவதியாகி நாலு வருடம்.
"எனக்கு ஒரு நாள் தப்பினா
தக்கலையில பிடிச்சு நிறுத்துவான்."

அப்புறம் விசாரணை.
கேபிள் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் வாங்கியது,
நூற்றெண்பது ரூபாய், பில் இல்லை.
விற்றவன் பெட்டியில் வந்ததை விற்றான்.
செய்தவன் அசலைப் பார்த்து நகல் செய்தான்.
அசல்காரன், நகலுக்கு நான் பொறுப்பில்லை என்று
யாரும் படிக்காத இடத்தில் எழுதிவைத்திருக்கிறான்.
கடை பூட்டிக் கிடந்த ராத்திரியில்
கம்ப்யூட்டர் யாரிடமும் கேட்காமல்
தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
அவரவர் நியாயம் அவரவர் கொடியில்
ஈர ஷீட் மாதிரி
சொட்டிக்கொண்டு தொங்குகிறது.

கடைசியில் என் நிரல். நானூற்றுப் பன்னிரண்டாம் வரி.
தராசு பதில் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று
எழுதியிருக்கிறேன்.
சொல்லாவிட்டால்?
எழுதவில்லை.
பதில் வராதபோதெல்லாம்
அது பழைய எடையையே கையில் வைத்துக்கொண்டு
பில் போட்டிருக்கிறது.
முப்பத்தேழு கிலோ நானூறு.
முப்பத்தேழு கிலோ நானூறு.
முப்பத்தேழு
ஒன்பது பேருக்கு. அப்புறம்தான் விழுந்தது.

விழுந்ததைப் பற்றித்தான்
இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தோம்.

தங்கலீலா வெளியே நிற்கிறாள், பில்லை நாலாக மடித்து.
விடியுமுன் எழுந்து பால்வெட்டுகிற கை,
நகக்கண்ணில் கறுப்பு.
"எனக்க ஷீட்டு நாப்பத்தொண்ணுக்குக் கொறையாது."
யார்மேல் குற்றம் என்று அவள் கேட்கவேயில்லை.
"பின்ன மிச்சம் எங்க?"

ஷீட் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது.
எல்லாவற்றிலும் ஒரே உருளை பதித்த ஒரே கட்டம்.
முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் கேபிளைப் பார்த்தேன்.

"அடுக்கினது நானாக்கும்," என்றார் ஏசுவடியான்.
"அவளுக்கது இடதுபக்கம், அடியில மூணாவது கட்டு."
தார்ப்பாயை விலக்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது.
மேலே கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி
அந்தக் கட்டைத் தோளில் கொண்டுவந்து
தராசில் வைத்தார்.

தராசின் நெற்றியில் சிவப்பு எழுத்து:
நாற்பத்தொன்று இருநூறு.

அது காலையிலிருந்தே
சரியாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.